பேரு ஒண்ணு, பலம் வேற: சுண்ணாம்பை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

"போர்டோ கலவைக்குச் சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோன்னு போட்டிருக்கு. கடையில கல்லு கிடைக்கல, பை மாவுதான் இருக்கு. அதையே ஒரு கிலோ போட்டுக்கலாமா?"

தென்னை வச்சிருக்கிற உழவர்கள் கூடுகிற இடத்தில், மழைக்காலம் நெருங்கும்போது இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "ரெண்டும் சுண்ணாம்புதானே, போடுங்க" என்பார் ஒருவர். "கூடவே கூடாது, மரம் கருகிடும்" என்பார் இன்னொருவர். இரண்டு பதிலும் முழுசா சரியில்லை. மாற்றிப் போடலாம். ஆனால் எடைக்கு எடை போடக்கூடாது. பையில் இருக்கிறது உண்மையில் எந்தச் சுண்ணாம்பு என்று பார்க்காமலும் போடக்கூடாது.

சுண்ணாம்பு மட்டுமில்லை. மயில்துத்தம், சோடா, ஜிப்சம், துத்தநாக சல்பேட் என்று நம் கைக்கு வருகிற பல பொருள்கள் ஒரே பெயரில் இரண்டு மூன்று வடிவத்தில் விற்கப்படுகின்றன. ரசாயனத்தை விட்டு வெளியே வந்துகொண்டிருக்கிற நாம் இதையெல்லாம் அபூர்வமாகத்தான் தொடுகிறோம். அப்படித் தொடுகிற நாளில் அளவு பிசகினால் நஷ்டம் மரத்துக்கும் மண்ணுக்கும்தான். அதனால் இந்தக் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடுவோம்.

காளவாசலில் இருந்து சுவர் வரை

கீழச்சிவல்பட்டி மாதிரியான செட்டிநாட்டு ஊர்களில் சுண்ணாம்பைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நூறு வருசம் தாண்டியும் வழவழவென்று நிற்கிற வீட்டுச் சுவர்களே அதைச் சொல்லும். அந்தச் சுவரில் நடந்திருக்கிற வேலையைப் புரிந்துகொண்டால் போர்டோ கலவைக் கணக்கு தானாகப் புரியும்.

சுண்ணாம்புக்கல்லோ, கடல் கிளிஞ்சலோ, காளவாசலில் போவதற்கு முன்னால் அது கால்சியம் கார்பனேட். 100 கிலோ சுத்தமான கல்லை நன்றாகச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். மிச்சம் 56 கிலோதான். இதுதான் சுட்ட சுண்ணாம்பு, நாம் கல் சுண்ணாம்பு என்று சொல்வது. தண்ணீர் பட்டால் சீறும், கொதிக்கும், பொரிந்து மாவாகும்.

இந்த 56 கிலோ, நீற்றும்போது 18 கிலோ தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. இப்போது எடை 74 கிலோ. இதுதான் நீற்றிய சுண்ணாம்பு. கடையில் பையில் வருகிற மாவும் இதுதான், அல்லது இதுவாக இருக்க வேண்டியது.

அந்த மாவைக் காற்றுப்பட விட்டால், காளவாசலில் இழந்த கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும். தண்ணீரை விட்டுவிடும். கடைசியில் மறுபடியும் 100 கிலோ சுண்ணாம்புக்கல்லாகவே ஆகிவிடும். சுவரில் பூசிய சுண்ணாம்பு வருசம் ஆக ஆக இறுகுவது இதனால்தான். அது மெல்ல மெல்லக் கல்லாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

சுவருக்கு இது நல்லது. ஆனால் மோட்டார் ரூமில் வாய் திறந்து கிடக்கிற சுண்ணாம்புப் பைக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது. போன வருசம் வாங்கி மிச்சம் வைத்த மாவு பார்ப்பதற்கு அதே வெள்ளையாக இருக்கும். பெயரும் சுண்ணாம்புதான். ஆனால் அதில் பாதியோ முக்காலோ செத்த சுண்ணாம்பாக, கல் மாவாக மாறியிருக்கும்.

56, 74, 100. இந்த மூன்று எண்ணையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு கால்சியம் மூன்று வடிவத்தில் இருந்தால் எடை இப்படித்தான் மாறும்.

திருட்டுக்குப் பயந்து பிறந்த மருந்து

போர்டோ கலவை பிறந்தது பிரான்சு நாட்டில், போர்டோ நகரத்தைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களில். ரோட்டோரத்துக் கொடிகளில் பழத்தைப் பறித்துத் தின்பவர்களைத் தடுக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைப்பது அங்கே வழக்கம். நீலப் பூச்சைப் பார்த்தால் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். 1882 வாக்கில் அந்தப் பக்கம் அடிச்சாம்பல் நோய் பரவியபோது, இந்த ரோட்டோரக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் நின்றதைத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். சோதித்துப் பார்த்து 1885-ல் வெளியிட்டார்.

நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் நிலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், 1908-ல் மைசூருக்கு வேலைக்கு வந்த கனடாக்காரர் லெஸ்லி கோல்மன். மலைநாட்டுப் பாக்குத் தோப்புகளை அழித்துக்கொண்டிருந்த கொளெரோகா என்கிற காய் அழுகலுக்கு, மழைக்கு முன்பே குலைகளில் போர்டோ கலவை தெளிக்கும் முறையைப் பழக்கினார். பாக்கை அழுக வைத்த அந்தப் பூசண இனத்தைச் சேர்ந்ததுதான் நம் தென்னையில் குருத்தழுகல் உண்டாக்குகிற பைட்டோப்தோராவும்.

இதில் வேலை செய்வது செம்பு. சுண்ணாம்பின் வேலை என்ன? மயில்துத்தக் கரைசல் அமிலத்தன்மை கொண்டது. அப்படியே தெளித்தால் இளங்குருத்தைச் சுட்டுவிடும். சுண்ணாம்பு அந்தச் செம்பைப் பிடித்து, எளிதில் கரையாத நீலக் கூழாக மாற்றுகிறது. கூழ் இலையில் ஒட்டிக்கொண்டு, செம்பை மெல்ல மெல்ல விடுகிறது. பூசணத்தைக் கொல்லப் போதும், மரத்தைச் சுடப் போதாது. ஆகச் சுண்ணாம்பு இங்கே கடிவாளம். அது பலமாக இருக்கணும்.

மாவுச் சுண்ணாம்பு எவ்வளவு போடலாம்?

ஒரு சதக் கலவைக்கு எல்லாரும் சொல்கிற அளவு: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர்.

சுட்ட சுண்ணாம்புக்குப் பதிலாக நீற்றிய மாவு போடுவதாக இருந்தால், 74-ஐ 56-ஆல் வகுங்கள். 1.32 வரும். அதாவது 1 கிலோ கல் சுண்ணாம்புக்கு ஈடு, புது மாவு 1 கிலோ 320 கிராம். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று ஞாபகம் வைத்தால் போதும்.

இங்கே ஒரு விசயத்தையும் சேர்த்துச் சொல்லணும். 1 கிலோ மயில்துத்தத்தில் உள்ள செம்பை முழுக்கப் பிடிப்பதற்குக் கணக்குப்படி சுத்தமான சுட்ட சுண்ணாம்பு கால் கிலோவுக்கும் குறைவாகவே தேவை. சுமார் 225 கிராம். நீற்றியதாக இருந்தால் சுமார் 300 கிராம். அப்படியென்றால் ஏன் ஒரு கிலோ? நாட்டுச் சுண்ணாம்பில் வேகாத கல்லும் மண்ணும் கலந்திருக்கும். கூடுதல் சுண்ணாம்பு குருத்துக்கும் பாதுகாப்பு. அதனால் அளவிலேயே தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள்.

ஆகவே, புது மாவு ஒரு கிலோ போட்டதால் மட்டும் மரம் கருகாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பையில் இருப்பது முக்கால்வாசி கல்லாக மாறிய பழைய மாவாக இருந்து, மண்ணும் கலந்திருந்தால், ஒரு கிலோ என்று நீங்கள் போட்டதில் உயிருள்ள சுண்ணாம்பு இருநூறு கிராம்கூடத் தேறாது. கல் மாவு செம்பை உடனே பிடிக்காது. பிடிபடாத செம்பு நேராகக் குருத்துக்குப் போகும். தராசு ஒரு கிலோ என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

கோலப்பொடி, கிளிஞ்சல் தூள், சாக்பீஸ் மாவு இவையெல்லாம் கார்பனேட் அல்லது ஜிப்சம் வகை. எத்தனை கிலோ கொட்டினாலும் போர்டோவுக்குச் சுண்ணாம்பாக ஆகாது.

அடுப்படியிலேயே மூன்று சோதனை

ஆய்வகம் தேவையில்லை. தண்ணீர், எலுமிச்சம்பழம், ஒரு இரும்புக் கத்தி போதும்.

ஒன்று, தண்ணீர்ச் சோதனை. ஒரு கொட்டாங்கச்சியில் கொஞ்சம் சுண்ணாம்பைப் போட்டு அதே அளவு தண்ணீர் விடுங்கள். தள்ளி நின்று பாருங்கள். சூடேறிச் சீறிப் பொரிந்தால் சுட்ட சுண்ணாம்பு. பேசாமல் கரைந்து கூழானால் அது நீற்றியதாகவோ கல் மாவாகவோ இருக்கும். அடுத்த சோதனைக்குப் போங்கள்.

இரண்டு, எலுமிச்சைச் சோதனை. அந்தக் கூழில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ நாலு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் கரியமில வாயு வெளியேறுகிறது, அதாவது கல்லாக மாறிய சுண்ணாம்பு என்று அர்த்தம். நுரை இல்லாமல், அல்லது ஒன்றிரண்டு குமிழியோடு அடங்கினால் மாவு உயிரோடு இருக்கிறது. நுரை எவ்வளவோ அவ்வளவு மாவு செத்திருக்கிறது.

மூன்று, கத்திச் சோதனை. இது கலவை தயாரான பிறகு கட்டாயம் செய்யவேண்டியது. துருவில்லாமல் பளபளவென்று தேய்த்த அரிவாள் அல்லது கத்தியைக் கலவைக்குள் ஒரு நிமிடம் போல விட்டு எடுங்கள். எவர்சில்வர் கத்தி ஆகாது, இரும்பாக இருக்கணும். எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கக்கூடாது. அதில் செம்பு நிறத்தில் பழுப்புப் படலம் படிந்தால், பிடிபடாத செம்பு இன்னும் கலவையில் இருக்கிறது. சுண்ணாம்புப் பாலை இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கலக்கி மறுபடி பாருங்கள். படலம் வராதவரைக்கும் சேர்க்கணும். எத்தனை கிலோ என்பதை விட, கத்தி சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு.

கத்திச் சோதனையில் தேறின கலவைக்கு நீலம் நல்ல ஆகாச நிறமாக இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வைத்தால் சீக்கிரம் அடியில் தங்காது. பச்சையடித்தாலோ, மணல் மாதிரி உடனே படிந்தாலோ அதைத் தெளிக்காதீர்கள்.

கலக்குகிற வரிசை

சுட்ட சுண்ணாம்பாக இருந்தால் முதல் நாளே நீற்றிவிடுங்கள். கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போடணும். குவியல் மேல் மொத்தமாகத் தண்ணீரை ஊற்றக்கூடாது, தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், சூட்டில் இளகிவிடும். மண்பானை, சிமெண்டுத் தொட்டி நல்லது. கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் போகணும். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

நீற்றிய கூழின் மேலே தண்ணீர் நிற்கும்படி விட்டு மூடி வைத்தால், காற்றுப் படாது, கல்லாகவும் மாறாது. பழைய கொத்தனார்கள் சுண்ணாம்பைக் குழியில் தண்ணீருக்குள் மூழ்க வைத்து மாதக்கணக்கில் புளிக்க விட்டதும் இந்தக் கணக்கில்தான். மிச்சச் சுண்ணாம்பைப் பையில் வைக்கிறதை விட ஒரு பானையில் தண்ணீருக்குள் வைப்பது நல்ல சேமிப்பு.

மறுநாள் ஒரு பாத்திரத்தில் 50 லிட்டர் தண்ணீரில் மயில்துத்தத்தைக் கரையுங்கள். துணியில் கட்டித் தொங்கவிட்டால் தானாகக் கரையும். இன்னொன்றில் 50 லிட்டர் சுண்ணாம்புப் பால், துணியில் வடிகட்டியது. இரண்டும் நன்றாக ஆறியிருக்கணும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலுக்குள் மெதுவாக ஊற்றிக்கொண்டே குச்சியால் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் கூழ் திரிதிரியாகப் போகும். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது. கலக்கின கலவையை அன்றைக்கே தீர்த்துவிடணும்.

குருத்தழுகல் கண்ட மரத்துக்குப் பசையாகப் போடுவதாக இருந்தால், மயில்துத்தம் 100 கிராம் அரை லிட்டர் தண்ணீரில், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இன்னொரு அரை லிட்டரில். இதுதான் 10 சதப் பசை. நீற்றிய மாவு என்றால் 130 கிராம். அழுகின பகுதியை வெட்டி எடுத்து எரித்துவிட்டு, வெட்டின இடத்தில் தடவி, மழைநீர் இறங்காமல் மூடணும். பசையில் செம்பு அடர்த்தி பத்து மடங்கு. கத்திச் சோதனையை அங்கே விட்டுவிடவே கூடாது.

துத்தத்திலும் இரண்டு வடிவம்

நாம் பார்த்துப் பழகிய மயில்துத்தம் நீலப் படிகம். அதன் எடையில் 36 சதம் தண்ணீர்தான், படிகத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. செம்பு 25 சதம். ஒரு கிலோவில் சுமார் 255 கிராம்.

அந்தத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் அது வெள்ளை அல்லது சாம்பல் பொடியாகிவிடும். அதில் செம்பு சுமார் 40 சதம். கடையில் நீலப் படிகம் இல்லை என்று வெளிர்ப் பொடியைக் கொடுத்தால், 1 கிலோவுக்குப் பதிலாக 640 கிராம் போதும். தெரியாமல் 1 கிலோ போட்டால் ஒன்றரை மடங்குக்கு மேல் செம்பு, அதற்குத் தக்கபடி சுண்ணாம்பும் வேணும். பொடியில் தண்ணீர் பட்டால் சூடாகி நீலமாக மாறும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இந்த இடத்தில் எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற வாய்ப்பாட்டைச் சொல்லிவிடலாம். பழைய பொருளின் எடையை அதில் உள்ள சத்தின் சதத்தால் பெருக்குங்கள். வந்ததைப் புதுப் பொருளின் சதத்தால் வகுங்கள். அவ்வளவுதான். நெல் வயலுக்கு மண் பரிசோதனைப்படி துத்தநாக சல்பேட் எக்டேருக்கு 25 கிலோ என்று எழுதிக் கொடுத்தால், அது 21 சதத் துத்தநாகம் உள்ள படிக வடிவத்துக்கு. 33 சதம் என்று பையில் போட்ட பொடி வடிவம் கிடைத்தால், 25 பெருக்கல் 21, வகுத்தல் 33. சுமார் 16 கிலோ போதும். பையின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கிற அந்தச் சதத்தைப் படிக்காமல் விடாதீர்கள்.

சோடாவில் வருகிற குழப்பம்

சுண்ணாம்பே கிடைக்காத இடத்தில் சலவைச் சோடாவை வைத்துச் செய்கிற பர்கண்டி கலவை ஒன்று உண்டு. அளவு ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்று சொல்வார்கள். வடிவ மாற்றம் எவ்வளவு பெரிய பிசகில் கொண்டுபோய் விடும் என்பதற்கு இதுதான் சரியான உதாரணம்.

படிகமாக வருகிற சலவைச் சோடாவில் 63 சதம் தண்ணீர். உலர்ந்த பொடியாக வருகிற சோடாவில் தண்ணீரே இல்லை. ஒரு கிலோ மயில்துத்தத்துக்குக் கணக்குப்படி படிகச் சோடா 1 கிலோ 150 கிராம் வேணும். பொடிச் சோடா என்றால் 425 கிராம் போதும். பொடியை ஒரு கிலோ போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் காரம் மிஞ்சி நிற்கும். சுண்ணாம்பு மிஞ்சினால் இலையில் வெள்ளையாகப் படியும், அவ்வளவுதான். சோடா மிஞ்சினால் இலையையே சுடும்.

ஆப்பச் சோடா இது இரண்டும் இல்லாத மூன்றாவது பொருள். அதை இதற்குப் பதிலாகப் போட நினைக்காதீர்கள். சுண்ணாம்பு கிடைக்கிற நம் ஊரில் பர்கண்டி பக்கம் போகத் தேவையே இல்லை.

மண்ணுக்கும் விதைக்கும் போடும்போது

புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு இடச் சொன்னால், பெரும்பாலும் அது சுண்ணாம்புக்கல் தூளை வைத்துச் சொன்ன அளவு. மறுபடியும் அதே மூன்று எண்கள்தான். 100 கிலோ கல் தூளுக்கு ஈடு 74 கிலோ நீற்றியது, 56 கிலோ சுட்டது. ஆனால் இங்கே நமக்கு நல்லது மெதுவாக வேலை செய்கிற கல் தூள்தான். போர்டோவுக்கு ஆகாது என்று ஒதுக்கின செத்த சுண்ணாம்பு இதற்கு அருமையாகப் பயன்படும், தூக்கிப் போடாதீர்கள். சுட்ட சுண்ணாம்பை நேராக மண்ணில் போட்டால் பட்ட இடத்தில் மண்புழுவும் நுண்ணுயிரும் வெந்துபோகும். தொழுவுரத்தோடு கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கை அரிக்கிற அந்த வாடையே சாட்சி.

மண்ணின் கார அமில நிலை பார்க்காமல் சுண்ணாம்பு போடுவது எந்த வடிவத்திலும் தப்பு. களர் நிலத்துக்குச் சுண்ணாம்பு போட்டால் களர் இன்னும் கூடும். அங்கே வேண்டியது ஜிப்சம். நிலக்கடலைக்குக் காய் பிடிக்கும் நேரத்தில் போடுகிற ஜிப்சத்துக்குப் பதிலாகவும் சுண்ணாம்பு ஆகாது. இரண்டிலும் கால்சியம் இருக்கிறது, உண்மைதான். ஜிப்சத்தில் கந்தகமும் இருக்கிறது, அது தண்ணீரில் ஓரளவு கரைந்து உடனே காய்க்குப் போகும். ஜிப்சத்திலும் பூமியில் வெட்டி எடுத்தது ஒன்று, உரத் தொழிற்சாலைக் கழிவாக வருவது ஒன்று. அங்ககச் சான்று வைத்திருப்பவர்கள் எது என்று கேட்டு வாங்கணும்.

பீஜாமிர்தத்துக்கு வருவோம். 20 லிட்டர் தண்ணீர், 5 கிலோ சாணம், 5 லிட்டர் கோமியம், ஒரு பிடி மண், 50 கிராம் சுண்ணாம்பு. இங்கே எந்த வடிவம்? 50 கிராம் சுட்டதாக இருந்தால் நீற்றியபின் 66 கிராம் ஆகும். இவ்வளவு பெரிய கரைசலில் அந்த வித்தியாசம் பெரிதில்லை. மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கல்லை நேராகச் சாணக் கரைசலில் போடாமல், முதல் நாள் ராத்திரியே ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டுச் சேருங்கள், போதும். வெற்றிலைக்குப் போடுகிற கூழ்ச் சுண்ணாம்பில் ஏற்கனவே தண்ணீர் இருப்பதால் கொஞ்சம் கூட்டிப் போடலாம். எந்த இடத்தில் கணக்குப் பார்க்கணும், எந்த இடத்தில் கண்ணளவு போதும் என்று தெரிவதும் பண்ணை அறிவுதான்.

செம்பு எங்கேயும் போகாது

இவ்வளவு கணக்கும் எதற்கு? சுண்ணாம்பைக் கூட்டிப் போட்டால் பெரிய கேடில்லை. செம்பைக் கூட்டிப் போட்டால் அது மண்ணை விட்டுப் போகாது. மற்ற மருந்துகள் பல நாளானால் சிதையும். செம்பு ஒரு உலோகம், அதைச் சிதைக்க எந்த நுண்ணுயிராலும் முடியாது. இலையில் தெளித்தது மழையில் மண்ணுக்கு இறங்கி வருசா வருசம் சேரும். பூசணத்தைக் கொல்கிற அதே செம்பு மண்புழுவையும் நன்மை செய்யும் பூசணத்தையும் விட்டுவைக்காது. மக்கு குறைந்த, புளிப்புப் பக்கம் சாய்ந்த செம்மண்ணில் அதன் கடுமை இன்னும் கூடும்.

ஐரோப்பிய நாடுகள் இதற்காகவே, ஒரு எக்டேரில் 7 வருசத்துக்குச் சேர்த்து 28 கிலோ செம்புக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கின்றன. சராசரி வருசத்துக்கு 4 கிலோ, நம் ஏக்கர் கணக்கில் சுமார் 1.6 கிலோ. நம் நாட்டு அங்ககச் சான்று விதிகளிலும் செம்பு உப்புகள் தாராளமாக அனுமதித்த பொருள் கிடையாது, கட்டுப்பாட்டோடு அனுமதித்தவை. தெளிக்கும் முன்பே சான்றளிப்பு நிறுவனத்திடம் கேட்டு, பதிவேட்டில் எழுதி வைக்கணும்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஏக்கருக்கு 70 தென்னை, மரத்துக்கு 2 லிட்டர் ஒரு சதக் கலவை என்றால் 140 லிட்டர். நீலப் படிகம் போட்டிருந்தால் அதில் செம்பு சுமார் 357 கிராம். அதே எடைக்கு வெள்ளைப் பொடி போட்டிருந்தால் சுமார் 557 கிராம். ஒரு தெளிப்பிலேயே 200 கிராம் கூடுதல், எந்தப் பலனும் இல்லாமல். பெயரை மட்டும் பார்த்து மாற்றியதற்கு மண் கொடுக்கிற விலை இது.

இதைவிட நல்ல மாற்று, செம்பு தேவைப்படாத நிலைமைக்குப் போவது. ஐப்பசி மழைக்கு முன்னால் கொண்டையைச் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுங்கள். அழுகி நின்ற மரத்தைத் தோப்பிலேயே விட்டுவைக்காமல் அப்புறப்படுத்துங்கள். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், தென்னை நார்க்கழிவில் டிரைக்கோடெர்மா வளர்த்த வில்லைகளைக் குருத்தை ஒட்டிய மட்டை இடுக்கில் வைக்கும் முறையைச் சொல்லித் தருகிறது. சாறு வடிதல் நோய்க்கும் வடிகிற இடத்தைச் செதுக்கிவிட்டு டிரைக்கோடெர்மாவைப் பசையாகக் குழைத்துத் தடவச் சொல்கிறது. நார்க்கழிவு மலையாகக் குவிகிற சிங்கம்புணரி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. டிரைக்கோடெர்மாவையும் போர்டோவையும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் போடாதீர்கள். நல்ல பூசணம் எது, கெட்ட பூசணம் எது என்று செம்புக்குத் தெரியாது. போர்டோ தெளித்த கையோடு அந்த மரத்துக் கொண்டையில் ஜீவாமிர்தம் தெளிப்பதும் அப்படித்தான், வீண்.

அதையும் மீறிக் குருத்தில் அழுகல் கண்டுவிட்டது, பக்கத்து மரங்களைக் காப்பாற்றியே ஆகணும் என்கிற நிலை வந்தால் போர்டோ கலக்குங்கள். கலக்குவதற்கு முன்னால் நாலு வேலை: பையின் முதுகில் சதத்தைப் படிக்கணும். எலுமிச்சை பிழிந்து பார்க்கணும். எடையைக் கணக்குப் போட்டு மாற்றணும். தெளிப்பதற்கு முன்னால் கத்தியை விட்டுப் பார்க்கணும். இந்த நாலையும் செய்ய அரை மணி நேரம்கூட ஆகாது. காய்க்கிற ஒரு தென்னை போனால், அந்த இடத்தில் வைக்கிற பிள்ளை காய்க்க வருசக்கணக்கில் காத்திருக்கணும்.